அரசாங்கச் சம்பளத்திலை விடுப்புப் பாத்த கதை

வேலியாலை எட்டி மற்றவையின்ரை வீட்டைப் பாத்தால் விடுப்பு. கையிலை கோப்போடை படலையைத் திறந்துகொண்டு போய்ப் பாத்தால் கள விஜயம். நான் சிறுவர் நல உத்தியோகத்தர். பிறவியிலையே விடுப்புக்காறி எண்டபடியால் தொழில் நல்லாப் பிடிச்சுது. கோப்போடை வெயிலிலை அலையிற என்னைப்போல ஆக்களுக்கு இது விளங்கும்.

வெள்ளைக் கதிரை

வறுமையாலை சிறுவர் இல்லத்திலை விட்ட பிள்ளையளைத் திரும்ப வீட்டிலை வைச்சு வளர்க்க, அரசாங்கம் மாதாமாதம் உதவி குடுக்கிற திட்டம் ஒண்டு வந்தது. உடுப்பிட்டியிலை வசந்தி எண்டவவின்ரை வீடு எனக்கு விழுந்தது. புருஷன் இல்லை, வெங்காயத் தோட்டத்திலை கூலி வேலை. பத்து வயசு மகள் துளசி ரண்டு வருஷமா இல்லத்திலை. நான் நல்ல அறிக்கை எழுதினால்தான் பிள்ளை வீட்டை வரும்.

வாற நாளை முன்கூட்டியே சொல்லிப்போட்டுப் போனன். நாலு வெள்ளைக் கதிரை, மேசை விசிறி, தட்டிலை பிஸ்கற், குளிர்ச் சோடா. கஷ்டம் எங்கை இருக்கெண்டு தேடித் தேடிப் பாத்தன், அம்பிடேல்லை. கண்டதைக் கண்டபடி எழுதினன். உந்தச் சோடா என்னத்துக்கு எண்டு கேட்டதுக்கு வசந்தி சொன்னா: "வீடு தேடி வந்த ஆளை வெறும் வாயோடை அனுப்பிறதே, மிஸ்?"

திரும்பி வந்த கோப்பு

'வசதி உண்டு, உதவி தேவையில்லை' எண்டு கோப்பு திரும்பி வந்திட்டுது. என்ரை பேனையாலை ஒரு பிள்ளையைத் தாயிட்டை வரவிடாமல் மறிச்சுப்போட்டன். பக்கத்து மேசை யோகன் அண்ணை கனகாலச் சேவைக்காறர். என்ரை அறிக்கையை வாசிச்சுப்போட்டுச் சிரிக்காமல் சொன்னார்: "தங்கச்சி, நீ வீடு பாக்கேல்லை, விருந்துக்குப் போய் வந்திருக்கிறாய்."

சொல்லாமல் போன நாள்

அடுத்த கிழமை ஒருத்தருக்கும் சொல்லாமல் போனன். வசந்தி அப்பதான் தோட்டத்தாலை வந்து கால் கழுவிக்கொண்டு நிண்டா. உள்ளுக்கை ஒரு பாய், ரண்டு சட்டி, கொடியிலை துளசியின்ரை பழைய பள்ளிக்கூடச் சட்டை. விசிறியும் இல்லை, கதிரையும் இல்லை. நான் பாயிலை இருந்தன். வசந்தி வெக்கத்திலை என்ரை முகத்தைப் பாக்கேல்லை. அதுக்கிடையிலை வேலிக்கு மேலாலை ஒரு வெள்ளைக் கதிரை வருகுது, பின்னாலை அயல் வீட்டு அக்காவின்ரை தலை: "கொஞ்சம் பொறுங்கோ மிஸ், மற்ற மூண்டையும் தாறன், பிறகு எழுதுங்கோ."

முதல் நாள்

இந்த முறை பாயை எழுதினன். முதல் அறிக்கை பிழையெண்டும் ஒத்துக்கொண்டு எழுதினன். மேலிடத்திலை நல்ல ஏச்சு விழுந்தது; விழட்டும், உதவி சரிவந்திட்டுது. துளசியை நானே கூட்டிக்கொண்டு வந்து விட்டன். தாயும் மகளும் ஒரே கோப்பையிலை சோறு சாப்பிட்டினம்.

இல்லத்திலை மாதம் ஒரு ஞாயிறு பிள்ளையைத் தாயோடை வெளியிலை விடுவினம். பின்னேரம் அஞ்சு மணிக்குள்ளை திருப்பி விடோணும். ரண்டு வருஷப் பழக்கம். நான் வெளிக்கிட, வசந்தி படலையடிக்கு ஓடி வந்து, மகளுக்குக் கேளாமல் கேட்டா: "மிஸ், அஞ்சு மணிக்கு நீங்கள் வருவியளோ, நானே கொண்டுவந்து விடட்டோ?"

இனி விடத் தேவையில்லை எண்டு மூண்டு தரம் சொல்லிப்போட்டு, றோட்டிலை நிண்டு அழுதன்.

திட்டத்துக்குப் போட்ட முதலாலை என்ன பலன் எண்டு வருஷ முடிவிலை ஒரு படிவம் வருமாம். 'அஞ்சு மணிக்குப் பிறகும் பிள்ளை வீட்டிலை நிக்குது' எண்டு எழுதப்போறன், திருப்பி அனுப்பினால் திரும்பவும் அதைத்தான் எழுதுவன்.