கக்கூஸ் ஓரத்தில் ஒரு பிளம்பர்

டெல்மர் ஃப்யூகேட் இருபத்தாறு வருஷம் பிளம்பர் வேலை பார்த்தவர். கென்டக்கி மலைப்பக்கம், எங்கள் மாவட்டமான ஹார்ஸ்லி கவுண்டியில் அவர் கை படாத சமையலறைகள் குறைவு. காலாவதியான லைசென்ஸோடு வண்டி ஓட்டிப் பிடிபட்டார். அந்த வழக்குக்கு இரண்டு வாய்தா போகவில்லை. நீதிபதி ஜாமீன் மறுத்து, அடுத்த வாய்தா வரை ஜெயிலில் வைக்கச் சொன்னார். அந்த வாய்தாவோ மூன்று முறை தள்ளிப்போனது.

நானும் அப்போது சி பிளாக்கில் இருந்தேன். பன்னிரண்டு பேருக்குக் கட்டிய இடத்தில் பத்தொன்பது பேர். கட்டில் கிடைக்காத ஏழு பேருக்கும் தரையில் போட்டுப் படுக்க ஆளுக்கொரு பிளாஸ்டிக் தொட்டி கொடுப்பார்கள். அதைப் படகு என்போம். கடைசியாக வருகிறவனுக்குக் கக்கூஸ் ஓரம். ஐம்பத்திரண்டு வயது டெல்மர் அங்கேதான் படுத்தார். யார் தண்ணீர் இழுத்துவிட்டாலும், எஃகுக் கோப்பை சுவரோடு சேரும் இடத்தில் கசிந்து அவர் தலைமாட்டுக்கு வரும்.

முதல் நாளே குனிந்து, விரலால் தடவிப் பார்த்தார்.

"உள்ள இருக்கிற ரப்பர் வாஷர் செத்துப்போச்சுப்பா. சுவத்துக்குப் பின்னாடி போய்க் கழட்டி மாட்டணும். பத்து நிமிஷ வேலை."

கீழ்க்கட்டில் லானி சிரித்தான். "வீட்டுக்கு வந்து பாக்கிற பிளம்பர் தெரியும். குடிவந்து பாக்கிற பிளம்பரை இப்பதான் பாக்கிறேன்!"

சுவரில் பதித்த திரையில்தான் புகார் எழுத வேண்டும். டெல்மர் வாஷரின் அளவு முதல்கொண்டு எழுதினார். இரண்டு நாள் கழித்து, "பெறப்பட்டது, அனுப்பப்பட்டது" என்று பதில். மறு வாரம் மறுபடி எழுதினார். "ஏற்கெனவே உள்ள புகார், முடிக்கப்பட்டது" என்று வந்தது.

"எது முடிஞ்சுது? தண்ணி முடியலையேடா!" திரையைக் கையால் அறைந்தார். அதற்கும் ஓர் எச்சரிக்கைச் சீட்டு.

காவலர்களில் ரெனே டாக்கெட் கொஞ்சம் ஈரமுள்ளவள். அவளிடம் கெஞ்சினார்.

"அந்தச் சுவத்துக்குப் பின்னாடி போற கதவை மட்டும் திறந்துவிடுங்க மேடம். பக்கத்துலயே நின்னு பாத்துக்கோங்க."

"எங்கம்மா வீட்டுக் குளியலறைக்கே நீங்கதானே குழாய் போட்டீங்க, எனக்குத் தெரியாதா? கைதி கையில ஸ்பேனர் குடுத்தேன்னு தெரிஞ்சா நாளைக்கு எனக்கு வேலை இருக்காது, பெரியவரே."

ஈரத்தில் படுத்துப் படுத்து அவர் விலாவில் செம்மண் திட்டுபோலப் புண் படர்ந்தது. ஒரு நாள் என்னிடம் வந்தார். "ரெண்டு நாள் மட்டும் மாத்திப் படுப்போமா தம்பி?" எனக்கு முதுகுவலி என்றேன். என் முதுகுக்கு ஒன்றுமில்லை.

ஐந்து வாரம் கழித்து ரிப்பேர்காரர் வந்தார். கவுண்டியின் மூன்று கட்டடங்களுக்கும் அவர் ஒருவர்தான். சுவருக்குப் பின்னால் இரும்பு உரசும் சத்தம் கேட்டதும் டெல்மர் சுவரில் காதை வைத்தார். முகம் மாறியது.

"இறுக்காதே! கழட்டு! இறுக்கினா கிழிஞ்சிரும்யா!"

"யாருடா அவன்? வாயை மூடு!" என்றது சுவர்.

ரிப்பேர்காரர் இறுக்கினார், வாஷர் கிழிந்தது. மத்தியானச் சாப்பாட்டுத் தட்டோடு எல்லோரும் கட்டில்மேல் ஏறிக்கொண்டோம். பீன்ஸும் சோளரொட்டியும் மடியில், கீழே தண்ணீர். சார்ஜண்ட் வந்து பார்த்துவிட்டு, ஊழியரை மிரட்டியதாக டெல்மர்மேல் எழுதிக்கொண்டு போனார். ஒரு வாரத்துக்கு போன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவருடைய மனைவி வாண்டாவிடம் பேசும் கால் மணி நேரமும் போயிற்று.

மறுநாள் தண்ணீரை அடைத்து, கோப்பைமேல் கறுப்புப் பை மாட்டி டேப் ஒட்டினார்கள். ரிப்பேர் முடிந்தது. இருந்த இரண்டில், பத்தொன்பது பேருக்கு மிச்சம் ஒரே கக்கூஸ். காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசை.

"எல்லாம் உன் வாயாலதான் போச்சு, பெருசு," என்றான் லானி. வரிசையில் நின்ற பாதிப் பேர் ஆமாம் என்றார்கள். அதன்பின் டெல்மர் யாரோடும் அதிகம் பேசவில்லை.

எழுபத்தோராம் நாள் வாய்தா வந்தது. நான்கு நிமிஷம். உள்ளே இருந்த நாளே போதும், போகலாம் என்றார் நீதிபதி.

"ஐயா, அங்க சி பிளாக்ல ஒரு கக்கூஸ்..."

"அது இந்த வழக்குல இல்ல. அடுத்தது!"

இதையும் மற்றதையும் அவரே, நான் வெளியே வந்தபின் பெட்ரோல் பங்கில் பார்த்தபோது சொன்னார். ஜெயிலின் விடுதலைச் சன்னலில் இருந்த பெண்ணிடம் சட்டையும் பெல்ட்டும் வாங்கிக்கொண்டு, புகார் எழுத ஒரு தாள் கேட்டிருக்கிறார்.

"புகார் கைதிங்க மட்டும்தான் குடுக்கலாம்," என்றாளாம் அந்தப் பெண். "நீங்க இப்ப கைதி இல்லையே, சார்."

அவர் நகராமல் நின்றார். வாசல் காவலர் வந்தார். "கிளம்புங்க. இல்லேன்னா அத்துமீறி நிக்கிறீங்கன்னு திரும்ப உள்ள போட வேண்டியிருக்கும்."

"சத்தியமா சொல்றேன் தம்பி," என்றார் டெல்மர், பெட்ரோல் குழாயை வண்டியில் செருகியபடி. "போட்டா போடட்டும்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். வெளிய வாண்டா வண்டிய ஸ்டார்ட் பண்ணி வச்சுக்கிட்டு ஹார்ன் அடிச்சா. அதனால வந்துட்டேன்."