விட்ட இடத்திலிருந்து ஒரு பாட்டு

நேற்று சட்னி அரைக்கும்போது மிக்ஸியிலிருந்து லேசாகக் கருகிய வாடை வந்தது. "நிறுத்துங்க, மோட்டார் போயிடப்போவுது" என்று உள்ளிருந்து மனைவி சத்தம் போட்டாள். நான் நிறுத்தவில்லை. தூசி சூடேறிக் கருகும் அந்த வாடையை மோந்துகொண்டு அப்படியே நின்றுவிட்டேன். மிக்ஸி போய்விட்டது, திட்டு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதை விடுங்கள். பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் சூடானால் இதே வாடைதான் வரும். எனக்கு அது நோயலின் வாடை.

எழுபதுகளில் நான் தங்கவயலில், நந்திதுர்க் சுரங்கத்து ஸ்டோர்ஸில் குமாஸ்தா. கையெழுத்து கொஞ்சம் பார்க்கும்படி இருந்த பாவத்துக்கு என்னைத் தொழிலாளர் கிளப்பின் கமிட்டியில் போட்டிருந்தார்கள். நோட்டீஸ் எழுத ஓர் ஆள் வேண்டுமே! கிளப் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தகரக் கூரை, ஒரு கேரம் போர்டு, சின்ன மேடை, பெஞ்சுகள், பீடியும் பினாயிலும் கலந்த நாற்றம். ஆனால் கிறிஸ்துமஸ் நெருங்கினால் அங்கே கட்டாயம் ஒரு பாட்டுக் கச்சேரி உண்டு. எங்கள் ஊரில் ஆர்மோனியத்துக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை கிடாருக்கும்.

அந்த வருஷம் மெட்ராஸிலிருந்து நோயல் வந்தார். ஆங்கிலோ இந்தியர். ராக் அண்ட் ரோல் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்த புதிதிலேயே ஓட்டல்களில் பாடிப் பெயர் வாங்கியவர். நாங்கள் பார்த்தபோது முன்மண்டை வழுக்கை. பின்னால் மிச்சமிருந்ததை நீளமாக வளர்த்துச் சீவியிருந்தார். மத்தியானம் டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "மெட்ராஸ்ல பசங்களுக்கு நான் வேணாம் மேன். ஓல்டு மேன் ஆய்ட்டேன். இன்னைக்கு ஜனங்க உக்காந்து கேட்டா வாசிப்பேன். இல்லேன்னா கிடாரை வித்துட்டு ஃபாரின்ல, பெர்த்ல, தங்கச்சி வீட்டுக்குப் போய்டுவேன்."

நான் அவருக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தேன்.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம். முன் பெஞ்சுகள் ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவர்களுக்குத்தான். பாதி நிகழ்ச்சியில் எழுந்து போக வேண்டியவர்கள், பார்க்கிற பாதியையாவது கிட்டே உட்கார்ந்து பார்க்கட்டும் என்றுதான். பெரிய ஆபீசரே வந்தாலும் பின்னால்தான் இடம். எங்களுக்கு இது பழகிப்போன விஷயம் என்பதால், வெளியூர்க்காரரிடம் சொல்லிவைக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

நோயல் ஆரம்பித்தார். குரல் கொஞ்சம் கம்மியிருந்தாலும் விரல்களுக்கு வயசே ஆகவில்லை. ஆம்ப்ளிஃபயர் சூடேறி வாடை வந்தபோது தானே கட்டிய ஒரு பாட்டை எடுத்தார். மெதுவாகத் தொடங்கி மேலே மேலே ஏறுகிற பாட்டு. முன் பெஞ்சில் என் அக்கா வீட்டுக்காரர் அருள்ராஜ் மாமா பூட்ஸ் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பாட்டு உச்சத்துக்குப் போகும் நேரத்தில் சுரங்கத்துச் சங்கு ஊதியது. முன் பெஞ்சுகள் மொத்தமும் ஒரே நேரத்தில் எழுந்து தடதடவென்று வெளியே போய்விட்டன.

நோயல் பாட்டை நிறுத்தினார். ஒயரைப் பிடுங்கினார்.

"ஷிப்டுக்குப் போறாங்க சார், பிடிக்காம இல்ல" என்றேன்.

"ஆமா மேன். மெட்ராஸ்லயும் பஸ் போய்டும்னுதான் எழுந்து போனாங்க."

உண்மையைத்தான் சொன்னேன். அது அவரைத் தேற்றச் சொன்ன பொய் மாதிரியே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

விடியற்காலையில் அவரை ரயிலேற்றக் கிளப்புக்குப் போனேன். ஆம்ப்ளிஃபயரைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அப்போது ஷிப்டு முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்திலிருந்து மேலே வந்தவர்கள், வீட்டுக்குக்கூடப் போகாமல் மூஞ்சியெல்லாம் புழுதியோடு உள்ளே நுழைந்தார்கள். முன்னால் மாமா.

"இன்னா தொர, மூட்டை கட்டிகினு கீறீங்க? மீதிப் பாட்டு பாடுங்க."

"எந்தப் பாட்டு?" என்றார் நோயல், நம்பாமல்.

மாமாவுக்கு இங்கிலீஷ் பாட்டின் வார்த்தைகள் பிடிபடவில்லை. மெட்டை மட்டும் முனகினார். மற்றவர்கள் பூட்ஸால் தாளம் போட்டார்கள். சரியாகச் சங்கு ஊதிய இடம் வந்ததும் எல்லோரும் நிறுத்தினார்கள்.

"இது வரைக்கும் கேட்டோம். ராவெல்லாம் கீழ இதையேதான் பாடிகினு இருந்தோம். அதுக்கு மேல எப்பிடிப் போவுதுன்னு தெரியல. சொல்லுங்க."

 நோயல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கயிற்றை அவிழ்த்தார். அவர்கள் முன் பெஞ்சுகளில் உட்கார்ந்துகொள்ள, விட்ட இடத்திலிருந்து பாடினார். ரயில் போயே போய்விட்டது.

அவர் கிடாரை விற்கவில்லை. பெர்த்துக்கும் போகவில்லை. அடுத்தடுத்த வருஷங்களிலும் எங்கள் ஊருக்கு வந்தார். சங்கு ஊதினால் பாட்டை நிறுத்தி, "போய்ட்டு வாங்க" என்று சொல்லி, கடைசி ஆள் வாசல் தாண்டும்வரை காத்திருப்பார். பிறகு எங்களுக்கு வேறு ஏதாவது பாடுவார். அந்த மீதிப் பாட்டு காலையில் மேலே வருகிறவர்களுக்கு. தூக்கத்தை விட்டுவிட்டு நானும் போய்க் கேட்பேன்.

பிறகு நோயல் மெட்ராஸிலேயே காலமானார். சுரங்கத்தை மூடினார்கள், சங்கு நின்றது, கிளப்பின் தகரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். நுரையீரலில் புழுதி அடைத்து மாமா போனார். அந்த முன் பெஞ்சுக்காரர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள்.

தனியாக இருக்கும்போது அந்தப் பாட்டை முனகிப் பார்ப்பதுண்டு. சங்கு ஊதிய இடம் வரை தடங்கலில்லாமல் வரும். அத்தனை காலைகளில் கேட்டிருந்தும் அதற்கு மேல் வருவதில்லை. யாரிடமாவது கேட்கலாமென்றால், மீதி தெரிந்தவர்கள் ஒருவர்கூட இல்லை.