பெட்டிக்குள் வைக்காத கருவி

அப்பா பத்தொன்பது ஆண்டுகள் மீன் ஓட்டினார். உயிர் மீன் அல்ல, விற்கிற மீனும் அல்ல. வளர்ப்புக் குளங்களில் நோய் இருக்கிறதா என்று பார்க்க வெட்டியெடுத்த செவுள் துண்டுகள். அவற்றை ஐஸ் பெட்டியில் அடுக்கி, ஆறு மணி நேரம் வேன் ஓட்டி, நகரத்து ஆய்வகத்தில் கொடுப்பார். குளக்காரர்களுக்கு அவர் பெயரே 'ஐஸ் பெட்டி'தான். வீட்டுக்குப் போன் செய்தவர்கள் அம்மாவிடமே, "ஐஸ் பெட்டி கிளம்பிட்டாரா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

பெட்டி கட்டுவதில் அவருக்கு ஒரு முறை உண்டு. அடியில் ஐஸ், நடுவில் குப்பிகள், மேலே மறுபடி ஐஸ், அதன்மேல் நான்கு மடிப்புச் செய்தித்தாள். மூடியைப் பழைய சைக்கிள் டியூபால் இறுக்குவார். வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் புறங்கையைப் பெட்டியில் வைத்துப் பார்ப்பார், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல.

முடிவு வர நான்கு நாள். அதற்குள் பாதிக் குளம் செத்து மிதக்கும். அதனால்தான் நான் நோய் காட்டும் சோதனைப் பட்டை செய்யப் போனேன். செவுளை நசுக்கிக் கரைசலில் கலந்து பட்டையில் மூன்று சொட்டு விட்டால் இருபது நிமிடத்தில் கோடு விழும். ஒரு கோடு என்றால் நோய் இல்லை. இரண்டு என்றால் உண்டு. குளக்கரையிலேயே தெரிந்துவிடும், யாரும் எங்கும் ஓட்ட வேண்டாம்.

"எவனோ வந்து என் வேலைக்கு உலை வெச்சா பரவால்ல," என்றார் அப்பா. "பெத்த பொண்ணே வெக்கிறா."

பட்டையை ஏற்றுக்கொள்ள வேண்டுமானால், கரையில் பட்டை சொன்னதும் அதே மீனைப் பற்றி ஆய்வகம் சொன்னதும் ஒத்துப்போக வேண்டும். முந்நூறு மீன். முந்நூறையும் ஓட்ட ஒப்புக்கொண்டவர் அப்பா. தன் வேலை தேவையில்லை என்பதற்கான சான்றைத் தானே சுமந்தார்.

பெட்டிக்குள் வெப்பநிலையைப் பதிந்துகொண்டே வரும் ஒரு கருவி வைக்க வேண்டும் என்பது விதி. தீப்பெட்டி அளவுதான். என் மேசை இழுப்பறையில் இரண்டு கிடந்தன. நான் வைக்கவில்லை. ஓட்டுவது அப்பா. வைத்தால் அவரைச் சந்தேகப்படுவதாக ஆகும் என்று நினைத்தேன்.

இருநூற்று நாற்பது மீன் வரை சிக்கல் இல்லை. பிறகு ஆறு குளம் வைத்திருந்த ஒருவரின் மூன்றாம் குளம். பதினெட்டு மீன், பதினெட்டிலும் இரண்டு கோடு. குளக்காரர் ஒரு பட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"என்ன மேடம், என் மீனெல்லாம் மாசமா இருக்கா?"

நான்கு நாள் கழித்து ஆய்வக முடிவு வந்தது. பதினெட்டில் ஒன்றிலும் நோய் இல்லை.

"உங்க பட்டைய நம்பியிருந்தா குளத்தையே மூடியிருப்பேன்," என்றார் அவர் போனில். "நல்லவேளை, ஐஸ் பெட்டி காப்பாத்துனாரு. மூணாம் குளத்துல நெருக்கம் ஜாஸ்தி. திங்கட்கிழமை பிரிச்சு மத்த அஞ்சுலயும் விட்டுடப் போறேன்."

பட்டை சரியென்றால், நோய் ஐந்து குளத்துக்கும் போகும். தவறென்றால், மூன்றாண்டு வேலை குப்பை. ஆய்வை நிறுத்திவிடலாம் என்று என் மேலதிகாரி அன்றே சொல்லிவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை காலை. அப்பா குளியலறையில் பெட்டி கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?"

சொன்னேன். அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குழாயை மூடினார்.

"அன்னிக்குப் பெட்டி மூணு மணி நேரம் வெயில்ல நின்னுச்சும்மா."

"பஞ்சரா?"

"நெஞ்சுல என்னமோ பண்ணுச்சு. எடது கை மரத்துப்போச்சு. வண்டிய ஓரங்கட்டிட்டுப் படுத்துட்டேன். எந்திரிச்சுப் பாத்தா ஐஸெல்லாம் தண்ணி. குப்பி வெதுவெதுன்னு மெதக்குது. வழியில புது ஐஸ் வாங்கிப் போட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி குடுத்துட்டு வந்துட்டேன்."

"ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா சாவிய வாங்கி வெச்சுடுவாங்க. ஐஸ் தண்ணியானா நோய் எங்க போகப்போகுதுன்னு நெனச்சேன். அதுவும் கரையும்னு யாரு கண்டா?"

கரையும். ஆய்வகம் தேடுவது வைரஸின் ஆர்.என்.ஏ.வை. மூன்று மணி நேர வெயில் அதைச் சிதைக்கப் போதும். பட்டையோ, அப்போதுதான் பிடித்த மீனைக் கரையிலேயே பார்த்தது.

உடனே குளக்காரரை அழைத்தேன். அவர் நம்பவில்லை. "ஐஸ் பெட்டி சொல்லட்டும், கேக்குறேன்."

அப்பா ஈரக்கையோடு போனை வாங்கினார். "ஆமாங்க. பட்டை பொய் சொல்லலைங்க. நான்தான் சொன்னேன்." நடந்ததை முழுதும் சொன்னார். சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இப்பப் பரவால்லங்க, வலி இல்ல," என்றார்.

உடம்பு எப்படி என்று குளக்காரர் கேட்டுவிட்டார். நான் இன்னும் கேட்டிருக்கவில்லை.

அன்று மதியமே மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். இதயத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே செயலிழந்திருந்தது. இனி வண்டி ஓட்டக்கூடாது என்றார்கள்.

"உக்காந்து வரக்கூடாதுன்னு சொல்லலையே," என்று ஞாயிற்றுக்கிழமை முன்சீட்டில் ஏறிக்கொண்டார். மறு முடிவு வரும்வரை மீனைப் பிரிப்பதில்லை என்று குளக்காரர் ஒப்புக்கொண்டிருந்தார். மூன்றாம் குளத்தில் புதிதாகப் பதினைந்து மீன் எடுத்தோம். பெட்டியை அவரே கட்டினார். நான் கருவியை நீட்டியதும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது உங்கிட்ட இருந்துச்சா? வெச்சிருந்தீன்னா அன்னிக்கே என்னைப் பிடிச்சிருப்பியே."

பிடித்திருப்பேன். அந்த ஒரு முறையை மட்டும் பார்த்தால் மருத்துவமனைக்குப் போவது சில நாள்தான் முந்தியிருக்கும். ஆனால் அதற்கு முன்பும் இரண்டு முறை ஓரங்கட்டிப் படுத்ததாக மருத்துவரிடம் சொல்லியிருந்தார். அந்த இரண்டும் மாதக்கணக்கில் முந்தியவை. ஐஸ் தாங்கிவிட்டதால் மீன் முடிவுகள் தப்பின. கருவி இருந்திருந்தால் வண்டி வெயிலில் நின்ற நேரம் வெப்பநிலைப் பதிவில் சின்ன ஏற்றமாகவாவது தெரிந்திருக்கும்.

பாதி வழியில் அவர் டியூபை அவிழ்த்து மூடியைத் திறந்தார்.

"தொறக்காதீங்கப்பா."

"ஐஸ் இருக்கான்னு பாத்தேன். நீ ரோட்டப் பாரு."

இந்த முறை ஆய்வக முடிவில் பதினைந்தில் பதினான்கில் நோய். மூன்றாம் குளத்தை மூடினார்கள். மற்ற ஐந்தும் பிழைத்தன. அப்பா வேன் சாவியைக் கொடுத்துவிட்டார். அதன்பின் நான்கு மாதம் இருந்தார்.

பட்டைக்கான இறுதி அறிக்கையை அவர் போன பிறகு எழுதினேன். நீக்கப்பட்ட மாதிரிகள்: பதினெட்டு. காரணம்: வழியில் குளிர்ச்சி கெட்டது; பதிவுக்கருவி வைக்கப்படவில்லை. பொறுப்பு என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தில் கருவி பதிந்த வெப்பநிலை வரைபடத்தை இணைத்திருந்தேன். ஆறு மணி நேரமும் நான்கு டிகிரி. பதினொன்று இருபதுக்கு மட்டும் ஒரு சின்ன மேடு. இது என்ன என்று பரிசீலனைக் குழு வட்டமிட்டுக் கேட்டிருந்தது.

'மூடி திறக்கப்பட்டது' என்று பதில் அனுப்பினேன்.