மிளகுதக்காளி கொடுத்தவள்

கல்யாணமாகி நான் டெல்லிக்கு வந்து இறங்கிய இடத்தை அங்கே குடியிருந்தவர்களே டெல்லி என்று சொல்வதில்லை. யமுனையின் கிழக்குக் கரை அது. ஆற்றைத் தாண்டி ஆபீசுக்கோ ஆஸ்பத்திரிக்கோ கிளம்புகிறவர்கள், "தில்லி ஜா ரஹா ஹூன்" என்பார்கள். டெல்லிக்குப் போகிறேன் என்று டெல்லிக்குள்ளிருந்தே சொல்லிக்கொண்டு பாலம் ஏறுவார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம். என் கணவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. குவார்ட்டர்ஸ் கேட்டு எழுதிக்கொடுத்திருந்தார், முறை வரவில்லை. ஆற்றுக்கு மேற்கே லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்த அவருடைய ஆபீஸ் சிநேகிதர்கள் எங்களைப் பார்க்கும்போதெல்லாம், "அக்கரையிலயா வீடு? அங்க தண்ணியெல்லாம் வருதா?" என்று துக்கம் விசாரிப்பது போலக் கேட்பார்கள்.

எனக்கென்னவோ அந்தக் கரை பிடித்துப்போயிற்று. அது ஒரு சின்ன ஊர், அவ்வளவுதான். காலை எட்டேகாலுக்கு ஆபீஸ்காரர்களை ஏற்றிக்கொண்டு சார்ட்டர்ட் பஸ் போய்விட்டால் தெரு பெண்களுடையதாகிவிடும். கோதுமையைக் கழுவி மாடியில் காயவைத்து, மாவு மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். யார் வீட்டில் விருந்தாளி வந்திருக்கிறது என்பது, அரைக்க வந்த கோதுமையின் அளவை வைத்து மில்காரருக்குத் தெரிந்துவிடும். புதன்கிழமை சாயங்காலம் ரோட்டை அடைத்துச் சந்தை போடுவார்கள். தெருக்கோடியில் ஆற்றுக்கரை. வெள்ளம் வராமலிருக்கப் போட்ட உயரமான மண்கரை அது. புஷ்தா என்பார்கள். அதன்மேல் ஏறி நின்றால் அந்தப் பக்கம் பள்ளத்தில் வயல்கள். முள்ளங்கி, காலிஃபிளவர், கடுகு, நடுநடுவே பன்னீர் ரோஜா. அதற்கப்பால், பனி விலகியிருந்தால், ஆறு.

வந்த முதல் கார்த்திகையில் எனக்கு வாய்ப்புண். குளிர் புதிது, சாப்பாடு புதிது. மாத்திரைக்குக் கேட்கவில்லை. காரம் ஆகாமல் மோரையும் சோற்றையும் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் புஷ்தா மேல் நடக்கும்போது கீழே ஒருத்தி குத்தவைத்து முள்ளங்கிப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். பிடுங்கியதைப் பக்கத்தில் குவித்திருந்தாள். அந்தக் குவியலைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். வெள்ளைப் பூ, மிளகளவு கறுப்புப் பழம். எங்கள் ஊர் மிளகுதக்காளி! வாய்ப்புண்ணுக்கு அதைவிட வேறென்ன வேண்டும். செருப்பு மண்ணில் புதையப் புதையக் கீழே இறங்கினேன்.

எனக்கு அப்போது தெரிந்த ஹிந்தி ஏழெட்டு வார்த்தை. குவியலைக் காட்டி, "யே... முஜே..." என்றேன். இது எனக்கு வேண்டும் என்று சொன்னதாக என் நினைப்பு.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். என் வயதுதான் இருக்கும். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "பக்ரி? கித்னி பக்ரி ஹை?" என்றாள். வீட்டில் ஆடு எத்தனை இருக்கிறது என்று கேட்கிறாள்.

"பக்ரி நஹி," என்றேன். நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். "மை. மை காத்தா."

ஆடு இல்லை, நான்தான் தின்னப்போகிறேன். பெண்பால் வேறு தவறிப்போயிற்று. அவள் சிரிக்கவில்லை. என் புடவையை, கழுத்தை, செருப்பைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் இரண்டு காலிஃபிளவரை அறுத்து, நாலைந்து முள்ளங்கியைப் பிடுங்கி, களையோடு சேர்த்து என் பையில் திணித்தாள். நான் பர்ஸை எடுத்ததும் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள். "ஜா பெஹன், ஜா," என்றாள், போ அக்கா என்று. அந்தக் குரலில் இருந்த கனிவு எனக்குப் பாதி வழியில்தான் புரிந்தது.

சாயங்காலம் இவரிடம் சொன்னபோது சிரித்துச் சிரித்து இவருக்குப் புரையேறிவிட்டது.

"வீட்டுல சோத்துக்கு இல்லாம களையப் பொறுக்க வந்திருக்கன்னு நினைச்சிட்டா! நாளைக்கு எனக்கும் சேத்து வாங்கிட்டு வா."

"சிரிக்காதீங்க. எனக்கு மானம் போவுது."

மானத்தை மீட்க மறுநாளே அந்தக் கீரையில் கூட்டு வைத்து, தேங்காய் அரைத்துவிட்டு, ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு போனேன். நாங்கள் இல்லாதப்பட்டவர்கள் அல்ல, இது எங்கள் ஊர்ச் சாப்பாடு என்று அவளுக்குக் காட்ட வேண்டும். அவள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் சுருங்கிவிட்டது. புருஷனைக் கூப்பிட்டு அவனுக்கும் ஒரு வாய் கொடுத்தாள். அவன் தலையைத் திருப்பித் துப்பிவிட்டு ஏதோ சொல்ல, அப்போதுதான் அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். பரிதாபம் போய், நான் வெறும் கிறுக்கச்சியானேன். அதுவரைக்கும் நிம்மதி.

அவர்கள் உத்தரப் பிரதேசத்தில் பதாயூன் பக்கத்துக்காரர்கள். ஆற்றுப்படுகையில் குத்தகைக்குப் பயிர் வைத்திருந்தார்கள். வயலுக்கு நடுவே நாணல் குடிசை. நான் வாரத்துக்கு இரண்டு நாள் இறங்கிப் போவேன். அவள் களை எடுக்கும்போது மிளகுதக்காளியை மட்டும் தனியாக ஒதுக்கி வைக்க ஆரம்பித்தாள். மாசி மாதம் வெயில் ஏறியதும் நான் காயை மோரில் ஊறப்போட்டு மாடியில் வற்றல் காயவைத்தேன். கீழே குடியிருந்த பஞ்சாபி வீட்டுக்கார அம்மா மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "ஜெஹர் ஹை யே!" என்று அலறினாள். விஷமாம். நான் அவள் கண்ணெதிரேயே நாலு பழத்தை வாயில் போட்டுக்கொண்டேன். அன்று முழுக்க அவள் வேளைக்கொரு தடவை படியேறி வந்து நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போனாள்.

இரண்டு வீடு தள்ளிக் கும்பகோணத்து மாமி ஒருத்தர் இருந்தார். வற்றல் வறுத்த வாசனை பிடித்து வந்துவிட்டார்.

"ஏண்டிம்மா, மணத்தக்காளியா இது? இந்த ஊர்ல எங்கேர்ந்து கிடைச்சது நோக்கு?"

"ஆத்துலதான் மாமி. களையாப் பிடுங்கிப் போடுதாங்க."

"அடப் பாவமே!" என்று மாமி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். மறுவாரம் என்னோடு மாமியும் புஷ்தாவில் இறங்கினார். அதற்கடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர். எங்களைக் கண்டதும் அவள் புருஷன் கடுகு வயலுக்குள் போய் நின்றுகொள்வான். களை கேட்டு வருகிற கூட்டத்தை அவன் எந்தக் கணக்கில் சேர்ப்பான்! அவள் மட்டும் வரப்போரமாக ஒரு பாத்தியைப் பிடுங்காமல் விட்டுவைத்தாள். அவன் மண்வெட்டியோடு அந்தப் பக்கம் போனால், "மதராசன் கா ஹை, சோடோ," என்று அதட்டுவாள். மதராஸ்காரியுடையது, விடு.

மூன்றாம் வருஷம் ஆவணியில் தண்ணீர் ஏறியது. பழைய இரும்புப் பாலத்தில் அபாய அளவைத் தாண்டிவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். ஜீப்பில் மைக் கட்டி, படுகையில் இருப்பவர்கள் மேலே ஏறும்படி புஷ்தா நெடுகச் சொல்லிக்கொண்டு போனார்கள். மறுநாள் மத்தியானம் குடையைப் பிடித்துக்கொண்டு நான் போய்ப் பார்த்தபோது கீழே வயல் இல்லை. காவி நிறத்தில் தண்ணீர். ஒரு நாணல் கூரை மெதுவாகச் சுற்றிச் சுற்றி மிதந்துபோனது. புஷ்தா மேல் கயிற்றுக் கட்டில், தகரப் பெட்டி, எருமை, பம்பு மோட்டார், கோழிக்கூடை, மனுஷர்கள். அவர்களுக்கிடையில் நீலத் தார்ப்பாயின் கீழ் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு வயதுப் பெண் குழந்தை. தொட்டுப் பார்த்தேன், கொதித்தது.

"வீட்டுக்கு வா," என்றேன். இவரிடம் கேட்கவில்லை, வீட்டுக்கார அம்மாவிடமும் கேட்கவில்லை. அவள் புருஷனைப் பார்த்தாள். எருமைகளை விட்டு அவன் வர முடியாது. போ என்று தலையசைத்தான்.

எங்களுக்கு இருந்தது ஒரு அறையும் ஒரு அடுக்களையும். இவர் சாயங்காலம் வந்து, உள்ளே நின்ற ஈரப் பாவாடைக்காரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "குழந்தைய டாக்டர்ட்ட காட்டியாச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பாயை எடுத்துக்கொண்டு பக்கத்துப் போர்ஷன்காரர் வீட்டுக்குப் படுக்கப் போய்விட்டார். வீட்டுக்கார அம்மாதான் மாடிப்படியில் நின்று கத்தினாள், ஒரு நாள் மட்டும்தான் என்று. இரண்டாம் நாள் அவளே குழந்தைக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தனுப்பினாள். அதன்பிறகு நாளைப் பற்றிப் பேச்சில்லை.

எட்டு நாள் இருந்தாள். என் ஹிந்தி முழுவதும் அந்த எட்டு நாளில் படித்ததுதான். என் கையிலிருந்து சப்பாத்திக் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளங்கையிலேயே ரொட்டி தட்டுவாள். ரசத்தை "மிர்ச்சி கா பானி" என்பாள், மிளகாய்த் தண்ணீர். புருஷனைப் பார்க்கப் போனபோது புஷ்தாவில் நிவாரணமாகக் கொடுத்த பூரியைத் தின்று மூன்றாம் நாள் அவளுக்கு வயிறு கெட்டுப்போயிற்று. எதை வைத்தாலும் வேண்டாம் என்றாள். நான் நெய்யில் வற்றலை வறுத்துச் சுடுசோற்றில் பிசைந்து கொடுத்தேன். மெதுவாக முழுவதையும் சாப்பிட்டாள்.

"என்ன இது?"

"உன் வயல்ல விளைஞ்சதுதான். மக்கோய்." அந்தச் செடிக்கு அவள் சொல்லும் பெயர் அது.

அவள் நம்பவில்லை. டப்பாவைத் திறந்து காட்டினேன். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். எங்கள் ஊரில் வீக்கத்துக்கு இலையை அரைத்துப் பூசுவோம், காயையா வற்றலாக்கிச் சோற்றில் போடுவார்கள் என்றாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வயல் போனதற்காக அவள் அழுதது அந்த ஒரு தடவைதான்.

தண்ணீர் வடிந்ததும் போய்விட்டார்கள். முழங்கால் சேற்றில் மறுபடி குடிசை போட்டார்கள். வண்டல் படிந்த அந்த வருஷம் காலிஃபிளவர் பூ ஒவ்வொன்றும் குழந்தைத் தலை பருமன். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டுக்கார அம்மாவுக்கு இரண்டு.

புது நூற்றாண்டு பிறந்து கொஞ்ச நாளில் இவருக்கு லக்ஷ்மிபாய் நகரில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அதற்குள் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். தமிழ்ப் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருந்தது. வீட்டில் நாங்கள் திருநெல்வேலித் தமிழ் பேசுவோம், பிள்ளைகள் அவர்களுக்குள் ஹிந்தியில் சண்டை போடும். கிளம்புவதற்கு முந்தின வாரம் அவளிடம் போய், வீடு மாற்றுகிறோம் என்று சொன்னேன். எங்கே என்று கேட்டாள். "தில்லி," என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

அதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. அவளை வீட்டில் வைத்திருந்ததைப் பத்துப் பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஆபீஸ்காரர் வீடுகளுக்கு நடுவே, மண் அப்பிய பாவாடையோடு அவள் வந்து கதவைத் தட்டினால் என்ன சொல்வார்கள் என்று ஒரு எண்ணம் அன்றைக்கு வந்துபோனது. வந்தது நிஜம். விலாசம் எழுதிக்கொடுக்காமல் வந்துவிட்டேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மனசு கேட்காமல் இவரோடு ஸ்கூட்டரில் போனேன். புஷ்தாவுக்குக் கீழே மண்ணைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள், பெரிய பெரிய இயந்திரங்கள். வயல் இல்லை. தூரத்தில் ஒரு பாத்தியில் வேலை செய்துகொண்டிருந்த கிழவர், அவர்கள் ஆற்றங்கரையோடு கீழ்ப்பக்கம் குடிபோய்விட்டதாகக் கையைக் காட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேடினோம், கிடைக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறு, இரண்டு பாலம் தாண்டி ஒரு வளைவில் கண்டுபிடித்தோம்.

அவள் என்னைப் பார்த்தாள். இவரை அண்ணா முறை வைத்து, "பையா, உட்காருங்க. குழந்தைகள் சுகமா?" என்று கேட்டாள். இவருக்குக் கட்டில் போட்டாள். இவருக்கு டீ கொடுத்தாள். பிறகு அரை மணி நேரம் அடுப்படியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

கடைசியில் நானே போய் அவள் பக்கத்தில் குத்தவைத்தேன். "தப்பு என் மேலதான்," என்றேன்.

"எங்க வீடு தண்ணில போனப்ப உன் வீடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்," என்றாள், ஹிந்தியில், நிதானமாக. "போன மழைக்குத் தெரியல."

பேப்பரும் பேனாவும் கேட்டு வாங்கி, பிளாக் நம்பர், வீட்டு நம்பர், பஸ் நம்பர் எல்லாம், பிள்ளைகளோடு சேர்ந்து படித்த ஹிந்தி எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பெண்ணைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாள். அது எழுத்துக்கூட்டி வாசித்து முடித்ததும், மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு எனக்கும் டீ ஊற்றினாள்.

அந்தக் குளிர்காலத்தில் பெண்ணைக் கூட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, ஒரு கட்டுக் கடுகுக் கீரையோடு வந்தாள். சோபா நுனியில் உட்கார்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். எதிர்வீட்டு மாமி எட்டிப்பார்த்து, "யாரு?" என்றார். "என் சிநேகிதி," என்றேன். மாமி அச்சா என்று தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். அவ்வளவுதான். இதற்காகவா பயந்தேன் என்றிருந்தது.

அதன்பின் நாலைந்து தடவை பார்த்திருப்போம். அந்த வளைவிலும் இருக்க முடியாமல் போய், குடும்பத்தோடு பதாயூனுக்கே திரும்பிவிட்டார்கள். கொழுந்தன் வீட்டுப் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனாள். எப்போதாவது பேசுவேன். ஒரு ஆவணியில் பேசும்போது, முழங்கால் வலி, பெண்ணின் பத்தாம் வகுப்பு எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "ஜமுனாஜியில் தண்ணி எவ்வளவு ஏறியிருக்கு?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. ஐந்து நாளாக மழை பெய்துகொண்டிருந்தது. துணி காயவில்லை என்றுதான் நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். இவரைக் கேட்டேன், இவருக்கும் தெரியவில்லை.

"பார்த்துச் சொல்றேன்," என்றேன்.

மறுநாள் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, பஸ் ஏறிப் பாலத்தில் இறங்கினேன். தூறலில் கைப்பிடிச் சுவரோரம் பத்துப் பதினைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரையோரத்து நாணல் மூழ்கியிருந்தது. வயல்கள் இன்னும் மூழ்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் போன் போட்டு அதை அவளிடம் சொன்னேன்.