பந்தயக் கடை வாசலில்

லண்டன் ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில், கண்ணாடி முழுக்கக் குதிரைப் படம் ஒட்டிய பந்தயக் கடை வாசலில் ஓர் இளம்பெண் குழந்தை வண்டியோடு நிலைகொள்ளாமல் நிற்கிறாள். நான் கடந்து போகையில் நிறுத்துகிறாள்.

"அண்ணை, தமிழோ?"

"ஆமாம்மா."

"பிள்ளையோட உள்ளுக்க விடமாட்டினம். என்ர மனுசன் நிக்கிறாரோ எண்டு பாத்துச் சொல்லுவியளோ? நீலச் சேர்ட்."

உள்ளே ரூலட் சூதாட்ட மெஷின் முன்னால், உயரமான நாற்காலியில் நீலச் சட்டைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். கால் ஓயாமல் ஆடுகிறது. பக்கத்தில் காகிதக் கோப்பையில் தேநீர் தொடப்படாமல் ஆறிக்கிடக்கிறது. மனைவி வெளியே நிற்பதைச் சொல்கிறேன். அவர் திரும்பவில்லை. மெஷின் மணியடிக்கிறது, அவருக்குப் பணம் விழுந்திருக்கிறது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மறுபடி பட்டனை அமுக்குகிறார்.

"வாறன் எண்டு சொல்லுங்கோ."

வெளியே வந்து அவளிடம் சொல்கிறேன்.

"உங்களைப் பாத்துச் சொன்னவரோ, மெஷினைப் பாத்தோ?"

"மெஷினைப் பாத்துதாம்மா."

"அப்ப வரமாட்டார். பிள்ளையை ஒருக்காப் பிடிச்சுக்கொள்ளுங்கோ."

முன்பின் தெரியாத குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு உள்ளே போகிறாள். குழந்தை அழத் தொடங்குகிறது. போகிறவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். நான் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

திரும்பி வருபவள் கையில் தடித்த ஆண்கள் கோட்டு.

"நாற்காலியில கொழுவியிருந்தது. கோட்டைத் தேடியெண்டாலும் வெளியில வருவார் எண்டு எடுத்தனான்."

"அவர் ஒண்ணும் சொல்லலையா?"

கோட்டைக் குழந்தையின் மேல் போர்த்துகிறாள்.

"எடுத்ததே அவருக்குத் தெரியாது, அண்ணை."