சிவப்பு அம்பு

எங்க தையல் கம்பெனியில தைச்ச துணியைச் சரிபார்க்கிற செக்கிங் அக்கான்னாலே சூப்பர்வைசர் ஒதுங்கிப் போவார். கோணல் தையலோ, விட்டுப்போன பொத்தானோ, அக்கா கண்ணுல பட்டா போச்சு. குறை இருக்கிற இடத்தைக் காட்டி சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிடுவா. குறை இல்லாத பீஸை மட்டும்தான் 'பாஸ்' பண்ணுவா. அவ ஒட்டினதை மேனேஜரே வந்தாலும் பிரிக்கக் கூடாது.

அப்பேர்ப்பட்டவளை அழ வச்சவ எங்க கம்பெனி டாக்டரம்மா. பாவி!

பொண்ணுக்கு ஒரு வயசானப்ப, கருத்தடைக்குன்னு அக்காவுக்குக் காப்பர்-டி போட்டது அந்தம்மாதான். அப்புறம் ஆரம்பிச்சது அடிவயித்துல குத்தல். இடுப்பு விண்ணு விண்ணுன்னு தெறிக்கும், முட்டியும் மணிக்கட்டும் பிடிச்சுக்கும். புள்ளை "தூக்கும்மா"ன்னு கையை நீட்டும். இவ சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. "புள்ளையைத் தூக்க முடியல டாக்டர், இதை எடுத்துடுங்க"ன்னு நாலு வருஷம் கெஞ்சினா. "பத்து வருஷம் தாங்குற சாமான். வலியெல்லாம் உன் மனசுலதான்"னு சொல்லி ஒவ்வொரு தடவையும் அதே வலி மாத்திரையைத் தருவா. தொட்டுக்கூடப் பார்க்கல. வெளி ஆஸ்பத்திரிக்குப் போக லீவு வேணும்னா அந்தம்மா சீட்டு எழுதணும். எழுதவே இல்ல.

போன மாசம் சாப்பாட்டு நேரத்துல அக்கா கேட்டா, "இதே சாமான் போட்டுக்கிட்டு யாருக்கெல்லாம்டி வலிக்குது?" பத்துக் கை எழுந்துச்சு. அதுல என் கையும் ஒண்ணு.

"அழுதது போதும். நாளைக்கு வச்சுக்கிறேன் அவளை"ன்னா.

மறுநாள் சரக்கு வாங்குறவங்களை மேனேஜர் பல்லெல்லாம் தெரிய கூட்டிட்டு வந்தார். அக்காவோட சேர்த்து நாங்க பதினோரு பேரும் எழுந்து நின்னோம். அடிவயித்துல, இடுப்புல, முட்டியிலன்னு வலிக்கிற இடமெல்லாம் சிவப்பு அம்பு.

"இது என்னம்மா?"ன்னு ஒருத்தர் கேட்டார்.

"எங்க டாக்டரம்மா பாஸ் பண்ணின பீஸுங்க சார்"னா அக்கா.

மேனேஜருக்கு மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. அடடா, அதைப் பார்க்க இன்னும் நாலு நாள் வலியைத் தாங்கலாம்!

அன்னைக்கே பதினோரு சீட்டு வந்துச்சு. வெளி ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்தா, அக்காவோடது இடம் மாறி கர்ப்பப்பைச் சுவத்துல குத்திக்கிட்டு இருக்கு. எடுத்ததும் அடிவயித்து வலி அடங்கிடுச்சு. "முட்டிவலி இதனாலதானான்னு எனக்குத் தெரியல, தனியாப் பார்ப்போம்"னு அந்த ஆஸ்பத்திரி டாக்டர் மறைக்காமச் சொன்னார்.

சரக்கு வாங்குறவங்க கேள்வி கேட்டதுல வேலை போன டாக்டரம்மா, பையோட கம்பெனி கேட்டுல நின்னு, "மன்னிச்சிடும்மா"ன்னு அக்கா கையைப் பிடிச்சா.

அக்கா கையை உதறினா. "மாட்டேன். நேத்து என் பொண்ணை ஆசையா தூக்கப் போனேன். 'வேணாம்மா, உனக்கு வலிக்கும்'னு தள்ளிப் போயிடுச்சு."