பழனிக்குக் கொடுத்ததாகச் சொன்ன முடி

நான் என் கணவருக்காக வேண்டிக்கொண்டு மொட்டை போடவில்லை. தலையில் சீழ் பிடித்ததால் போட்டேன். சீழ் பிடித்ததற்குக் காரணமும் நானேதான்.

ஆறு வருடங்களாக இதை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது... அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

எனக்கு நாற்பத்தொன்பது வயது. பத்தாவது வரை படித்தவள். திண்டுக்கல்லில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை லேபில் உதவியாளராக இருக்கிறேன். குழாய்களில் பெயர் எழுதி ஒட்டுவேன். ரத்தம் நிரம்பிய குழாய்களைச் சுழற்றும் மெஷினில் அடுக்குவேன். சுழன்று நின்றதும் சிவப்பு அடியில் தங்கிவிடும், மஞ்சள் நீர் மேலே நிற்கும். கூட்டம் அதிகமான காலைகளில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கவும் பழகிக்கொண்டேன். நாலு பேர் முன்னால் பேச எனக்கு நாக்கு எழாது. ஆனால் நரம்பு தேடும்போது என் கை நடுங்கியதே இல்லை.

நாற்பதைத் தாண்டியதும் முடி கொட்டத் தொடங்கியது. வகிடு அகன்று, உச்சியில் தோல் தெரிந்தது. என் கணவர் பஞ்சு மில்லில் வேலை பார்க்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் வேலை விட்டு வரும்போது மல்லிகைப்பூ வாங்கி வருவார். அதைத் தலையில் வைத்தால் பிடிமானம் இல்லாமல் கொண்டை ஊசியோடு சேர்ந்து நழுவித் தோளில் விழும்.

ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் நாத்தனார் கேட்டாள். "ஏ மதினி, அண்ணன் இம்புட்டுப் பூவு வாங்கியாந்திருக்கே, இத எதுல குத்தப் போறீக? பேசாம சாமி படத்துக்குப் போட்ருங்க."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்ன செய்வது?

அந்த நாட்களில்தான் கைபேசியில் அந்த வீடியோக்களைப் பார்த்தேன். நம் ரத்தத்தையே எடுத்து, சுழற்றி, மேலே நிற்கும் மஞ்சள் நீரை ஊசியால் தலையில் ஏற்றினால் முடி முளைக்குமாம். பி.ஆர்.பி. என்று பெயர். மதுரையில் தோல் டாக்டர்கள் செய்கிறார்கள், ஆனால் அது எங்கள் வசதிக்கு எட்டாது. ஒரு வீடியோவில் எந்த நாட்டுப் பெண்ணோ, குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்றபடி தனக்குத் தானே போட்டுக்கொண்டிருந்தாள்.

பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இது நான் தினமும் செய்கிற வேலைதானே!

லேபில் புது மெஷின் வந்ததும் பழையதை ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். இரும்புக் கடையில் போட்டுவிடுகிறேன் என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். கணவர் காலை ஷிப்டுக்குப் போன பிறகு, சமையலறை மேடையில் மிக்சிக்குப் பக்கத்தில் அதை வைத்து ஓட்டினேன். இடது கையிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டேன். தலையில் ஊசி இறங்கும்போது கண்ணில் நீர் கொட்டியது. வலியைப் பொறுத்துக்கொண்டேன். முதல் இரண்டு தடவையும் கெடுதல் ஒன்றும் நேரவில்லை. நெற்றியோரம் பூனைமுடி முளைத்தது போலக்கூட இருந்தது... முளைத்ததா, ஆசையில் அப்படித் தெரிந்ததா, இன்றுவரை தெரியாது.

மூன்றாவது தடவை நடந்ததைச் சொல்கிறேன்.

லேபில் ஒரு வழக்கம் உண்டு. பரிசோதனை முடிந்த பிறகு மிச்சமிருக்கும் மஞ்சள் நீரைக் கொட்டமாட்டோம். முடிவில் சந்தேகம் வந்தால் மறுபடி பார்ப்பதற்காக ஃபிரிட்ஜில் வைப்போம். பதினோரு வருடம் அப்படிச் செய்து பழகிய கை இது. வீட்டிலும் இரண்டாவது தடவை போட்டுக்கொண்டதில் மிஞ்சியதை மூடி, தோசைமாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் வைத்தேன். மறுவாரம் அதையே எடுத்துத் தலையில் ஏற்றினேன். ஊசியும் பழையதுதான், வெந்நீரில் கொதிக்க வைத்திருந்தேன். லேபில் வைப்பது பார்ப்பதற்கு, உடம்புக்குள் ஏற்றுவதற்கு அல்ல. இந்த வித்தியாசம் எனக்கு ஏன் உறைக்கவில்லை? இத்தனை வருடம் அந்த வேலை பார்த்தவளுக்கு!

மூன்றாம் நாள் உச்சியில் இரண்டு இடங்கள் வீங்கின. காய்ச்சல் அடித்தது. தலையணையில் மஞ்சளாகக் கறை பட்டது.

அதே சமயத்தில்தான் என் கணவருக்குக் கழுத்தில் ஒரு கட்டி. மதுரையில் அதிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வரப் பத்து நாளாகும் என்றார்கள். அவர் லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு, சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் பக்கத்தில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தலைக்குத்து என்று சொல்லியிருந்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் நான் அவருடைய கட்டியை நினைத்ததைவிட என் தலையை நினைத்ததுதான் அதிகம். நாற்றம் வெளியே தெரிந்துவிடுமோ என்று மட்டுமே பயந்தேன்.

ஆறாம் நாள், வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஒட்டன்சத்திரம் போனேன். அங்கே என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஒரு சிறிய கிளினிக்கில் பெண் டாக்டர் இரண்டு இடத்தில் முடியை மழித்து, கீறி, சீழை எடுத்துக் கட்டுப் போட்டார். யார் இப்படி ஊசி போட்டது என்று இரண்டு தடவை கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்.

பாதி மழித்த தலையோடு எப்படி வீட்டுக்குப் போவது? பஸ் ஸ்டாண்டில் பழனி பஸ் நின்றது. ஏறிவிட்டேன்.

மொட்டையடிக்கும் இடத்தில், நான் தலைத்துண்டை அவிழ்த்ததும் முடி எடுப்பவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏனுங்கம்மா, கட்டுப் போட்டிருக்குதுங்க. புண்ணு மேல கத்தி படக் கூடாதுங்க. ஆறுன பொறகு வாங்களேன்."

"வீட்டுக்காரருக்குக் கழுத்துல கட்டிங்க. ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி முடியக் குடுத்துர்றேன்னு வேண்டிக்கிட்டேன்."

எங்கிருந்து வந்தது அந்தப் பொய்? யோசிக்கவே இல்லை. தானாக வாயில் வந்தது.

அவர் கத்தியை மறுபடி கையில் எடுத்தார். பிறகு, "உங்க வீட்டுக்காரர் பேரென்னங்க?" என்றார். முத்துராஜ் என்றேன். "முருகா, முத்துராஜக் காப்பாத்திக் குடுப்பா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் தெளித்தார். கட்டின் ஓரங்களை விரலால் மறைத்துக்கொண்டு மெல்ல மெல்ல மழித்தார்.

என் கணவருக்காக முதலில் வேண்டியவர் அவர்தான். முன்பின் தெரியாத ஒருவர். நான் அதுவரை வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்த கணவர் என் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார். கட்டு எதற்கென்று கேட்டால் சூட்டுக்கொப்புளம் என்று சொல்ல நினைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"எனக்காகவா சாந்தி?"

இல்லை என்று தலையசைத்திருந்தால் போதும். ஆமாம் என்று அசைத்தேன்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். காலையில் நான் வைத்துவிட்டுப் போன சோற்றை முழுவதும் சாப்பிட்டார். பல நாட்களுக்குப் பிறகு.

முடிவு வந்தது. கெட்ட கட்டி இல்லை. அது வெறும் கொழுப்புக் கட்டி. முன்பே அப்படித்தான் இருந்திருக்கிறது, என் மொட்டையால் மாறியதல்ல. ஆனால் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சாந்தி முடி கொடுத்துப் புருஷனை மீட்டாள் என்பார்கள். நாத்தனார் அதற்குப் பிறகு என்னை ஒரு சொல் கிண்டல் செய்ததில்லை. மறுபடி வளர்ந்த முடி முன்னைவிட மெலிந்திருந்தது. கீறிய இரண்டு இடங்களில் வளரவே இல்லை. அதையும் யாரும் குறையாகப் பார்க்கவில்லை. சாமிக்குக் கொடுத்த தலை அல்லவா?

அது எனக்குப் பிடித்திருந்தது. இதையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் கணவர் அந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பழனிக்குப் பாதயாத்திரை போகிறார். அதுவரை கோயில் வாசலைக்கூட அதிகம் மிதிக்காதவர். நான் கொடுத்ததற்குப் பதிலாக அவர் நடக்கிறார். தடுக்க நான் யார்?

போன தீபாவளிக்குப் பிறகு அவருக்கு நெஞ்சை அடைத்தது. ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறது, மாத்திரையை விடக் கூடாது, தூரம் நடக்கக் கூடாது, படியேறக் கூடாது என்று டாக்டர் என் முன்னால்தான் சொன்னார். தைப்பூசம் நெருங்கியதும் மாலை போட்டுக்கொண்டு வந்து நின்றவரிடம், பஸ்ஸில் போங்கள், சாமி ஏற்றுக்கொள்ளும் என்றேன்.

"நீ பொம்பளப்புள்ள, முடியவே குடுத்துட்ட. நான் ரெண்டு நாளு நடக்குறதுல என்ன கொறஞ்சு போயிருவேன்?"

"நான் ஒன்னு சொல்லணுங்க..."

"சொல்லு."

வாய் திறந்தேன். மாத்திரையை மேல் பையில் வைத்திருக்கிறேன் என்று சொன்னேன்.

நேற்றுக் காலை மில்காரர்களோடு கிளம்பிப் போனார். சற்று முன் போன் வந்தது. ஒட்டன்சத்திரம் தாண்டிவிட்டார்களாம். நெஞ்சு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "செத்த அடைக்குது. உக்காந்தா சரியாயிருது" என்றார். திரும்பி வந்துவிடுங்கள் என்றேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

அந்த நம்பிக்கைதான் அவரைத் தைரியமாக வைத்திருக்கிறது, அதைக் கலைக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதுவும் பொய். அன்று கதவருகே நின்று என்னைப் பார்த்தாரே, அப்படி யாரும் என்னை அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தப் பார்வை போய்விடும் என்பதுதான் என் பயம். அதற்காக ஒரு மனிதரை நடக்க விடலாமா? நீங்களே சொல்லுங்கள்... வேண்டாம், சொல்லாதீர்கள். எனக்குத் தெரியும்.

உங்களுக்காகக் கொடுத்த முடியல்ல அது என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நின்ற இடத்திலேயே நின்றுவிடுவார். போன் என் கைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அவரிடம் சொல்ல வேண்டியதை நான் உங்களிடம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவர் வெயிலில் நடந்துகொண்டிருக்கிறார்.